பிடிபடாத கொலைகாரன்

அக்கா,

இன்று பேத்தி நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நகலெடுக்கும் மெழுகு ஸ்டென்சில் தாளில் பிழை திருத்த நாம் பூசிய சிவப்புத் திரவத்துக்கும் இதே மணம்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில், ஹோம்புஷ் அடுக்குமாடியில் நீங்கள் மேல்வீடு, நான் கீழ்வீடு. நீங்கள் புதுச்சேரிக்காரி, பெண்கள் பள்ளியொன்றில் பிரெஞ்சு ஆசிரியை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பரமட்டா அலுவலகமொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு நாவலொன்றை வாங்கி வந்து, "இதை நாம தமிழ்ல கொண்டு வர்றோம். நான் சொல்றேன், நீ எழுது" என்றீர்கள். எனக்கு விருப்பமா என்று கேட்கவேயில்லை.

நாவலின் கதை இதுதான்: ஒரு பணக்கார விதவை. அவள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பணிவான இளைஞன். அவன் அவளைக் கொல்லப்போகிறான் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. எப்போதும் 'நீங்கள்' என்றே பேசுகிறவன், ஒரு காலையில் காப்பியை நீட்டி, 'நீ குடி' என்கிறான். அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

"இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'தான், இந்த இடம் செத்துப்போயிடும். தமிழ்ல எப்படி நிக்குது பாரு!" என்று மேசையைத் தட்டினீர்கள்.

நான் 'கதிரை' என்று எழுதினால் 'நாற்காலி' என்று திருத்துவீர்கள். அதற்கு மட்டும் நமக்குள் சண்டை.

கடைசி அத்தியாயத்தில் இருக்கும்போதுதான் உங்களுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. முடித்து அனுப்பினோம். சென்னைப் பதிப்பாளரிடமிருந்து பதில் வந்தது: முடிவில் கொலைகாரன் பிடிபட வேண்டும், மாற்றித் தந்தால் உடனே அச்சிடலாம்.

நான் கெஞ்சினேன். "ஒரு பக்கம்தானே அக்கா, மாத்திக் குடுப்பம். நீங்கள் புத்தகத்தைக் கையில பிடிச்சுப் பாக்க வேணும்."

"அவன் தப்பிச்சுட்டான். கதையில அதான் நடந்தது. மாட்டிக்கிட்டான்னு பொய் எழுதினா, அவ செத்ததையே எல்லாரும் மறந்துடுவாங்க" என்றீர்கள். பிறகு, "உன் ஆபீஸ்ல நகல் எடுக்கிற மெஷின் இருக்குல்ல?"

மேலாளரிடம் அனுமதி கேட்டு வாங்கினேன். எழுத்தாணியால் ஸ்டென்சிலில் கீறிக் கீறி என் விரல் காய்த்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி நீங்கள் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருத்தினீர்கள். நாற்பது பிரதிகள். முதல் பிரதியை உங்கள் மடியில் வைத்தேன்.

பிரதி வாங்கிப் படித்த, டூங்கபியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அங்கிள் நேரே வார்டுக்கே வந்துவிட்டார். "கொலைகாரனைப் பிடிக்கேல்லையே, பிள்ளை! எனக்குத் தந்ததில கடைசித் தாள் விழுந்து போச்சோ?"

அறுவைத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தீர்கள். அடுத்த மாதம் போய்விட்டீர்கள்.

பிறகு நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரானேன். ஒருநாள் பரமட்டாவில், கணவன் தனக்குச் செய்ததைச் சொல்ல ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய மாமனார் வாசலில் என்னை மறித்தார்.

"பிள்ளை, அவள் சொல்லுறதைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லும். எங்கட சனத்தின்ர மானம்."

"அவ சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன், ஐயா."

உள்ளே போனேன். அவள் அழுதழுது சொன்னாள். நான் அவளருகே நின்று, முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் குறையவில்லை, அக்கா.