கடைக்குப் போன சாமான்கள்

ஆகஸ்ட் 24, சனி

ஸ்கூல் ஆபீஸ் அரை நாள்தான். நேரே ஒண்டிக்கடைப் பக்கம், அன்பழகனின் பழைய சாமான் கடை. எஸ்டேட் பங்களாக்களை ரிசார்ட்டாக மாற்ற ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு நல்ல வேட்டை. எனக்கும்தான். இன்று பித்தளைக் கொக்கி வைத்த கோட் ஸ்டாண்டு ஒன்று. தூசி தட்டி, தடவிப் பார்த்து, வேண்டாதவள்போல நாலு எட்டு நகர்ந்து, மறுபடி திரும்பி வந்து... அடடா, அந்தச் சுகமே தனி! பளபளவென்று அடுக்கிவைத்த புதுக் கடையில் இந்தப் படபடப்பு வருமா?

வீட்டில் ஜெப்சன், "மாட்டறதுக்கு நம்மகிட்ட ஏது கோட்டு?" என்றார். கட்டிய புருஷனுக்கு ரசனை இல்லாவிட்டால் என்ன செய்வது.

ஆகஸ்ட் 31, சனி

கடைசித் தட்டில் வெள்ளைப் பால்ஜாடி, விளிம்பில் நீலக் கோடு. நல்ல சரக்கு மாட்டியது என்று மனசு துள்ளியது. கைப்பிடியைத் திருப்பினேன். ஒட்டுப்போட்ட தழும்பு, பசை வழிந்து மஞ்சளாக உறைந்திருந்தது. நான் ஒட்டியது. அம்மா வைய வைய ஒட்டியது.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஜாடி அப்பா வீட்டுச் சமையலறையில் அல்லவா இருக்க வேண்டும்?

"ஜேசுதாஸ் சார் ஆட்டோவுல அனுப்பினாருங்க," என்றார் அன்பழகன். "தையல் மெசினு, ரெட்டைக் கட்டிலு, எல்லாம் வந்துச்சு. கட்டிலு அன்னிக்கே போயிருச்சுங்க."

கட்டிலா! அப்பா எதில் படுக்கிறார்?

ஜாடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அப்பா காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, என்னிடம் இருக்கும் சாவியால் திறந்து ஜாடியை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்கே உறைக்கட்டும். ஊடு பாதி காலி. தரையில் பாய்.

செப்டம்பர் 7, சனி

அதே தட்டு, அதே ஜாடி!

"ஏனுங்க மேடம், போன வாரம் நீங்கதானே இதை வாங்கிட்டுப் போனீங்க?" அன்பழகன் சிரிக்கிறார். எனக்கு அழுகை முட்டியது. மறுபடியும் வாங்கினேன். இனி என் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "எனக்கெதுக்குக் கண்ணு இத்தனை சாமானு?" என்றார். அதற்குமேல் வாயைப் பிடுங்க முடியவில்லை.

செப்டம்பர் 11, புதன்

சோறு இறங்கவில்லை. அப்பா ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாராம். அடிக்கடி ஃபாதரைப் போய்ப் பார்க்கிறாராம். சாகப்போகிறவர்கள்தானே இப்படி எல்லாவற்றையும் காலி பண்ணுவார்கள்? ஏதாவது டெஸ்ட் எடுத்துவிட்டு மறைக்கிறாரா? கல்லறையில் அம்மா பக்கத்தில் இடம் கேட்கத்தான் போகிறாரா? ஆனால் மீசையெல்லாம் ஒதுக்கி ஜம்மென்று இருக்கிறாரே — ஒன்றும் புரியவில்லை.

மாதாவே, அவரையும் எடுத்துக்காதே. பெத்தவங்கன்னு எனக்கு இருக்கறது அவரு ஒருத்தருதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் கல்யாண ஓலை வாசித்தார். மணமகன் ஜேசுதாஸ், மனைவியை இழந்தவர். மணமகள் செம்மநத்தம் சாந்தாமேரி, கணவரை இழந்தவர். இது முதலாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்கு ஆபீசில் தெரிவிக்கவும்.

எந்த ஜேசுதாஸ் என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டேன் பார், நான்!

செத்துப்போவாரோ என்று நான் பயந்து சாகிறேன். இவர் மாப்பிள்ளை ஆகிறாராம்.

கோயில் வாசலில் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவேன்னுதான் கண்ணு. ஃபாதர் வாயால கேட்டா, கோயில்ங்கறதால அழ மாட்டேன்னு நெனச்சேன்."

என்ன ஒரு ரோசனை! வண்டியில் ஏறினதும் நொம்ப அழுதேன்.

செப்டம்பர் 16, திங்கள்

ஜெப்சனே சமைத்தார். தட்டில் போட்டுக் கையில் கொடுத்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இரண்டாம் ஓலை. முடிந்ததும் நேரே பங்கு ஆபீஸ்.

"தடை சொல்ல வந்தேங்க ஃபாதர்."

அவர் பேனாவைத் திறந்தார். "என்ன தடை, ஜோஸ்லின்?"

என்ன தடை? வழியெல்லாம் எத்தனை யோசித்துவைத்திருந்தேன். "அம்மாவோட சாமானெல்லாம் கடையில கெடக்குதுங்க ஃபாதர்" — அதுதான் வாயில் வந்தது.

பேனாவை மூடிவிட்டு, "டீ குடிக்கிறியாம்மா?" என்றார். அவமானமாகப் போய்விட்டது. அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

செம்மநத்தத்திலிருந்து அந்தம்மா ஜீப் பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டது. நான் உட்காரச் சொல்லவில்லை. குடையை மடக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றது.

"சாமானை விக்கச் சொல்லி நான் சொல்லல கண்ணு. கட்டிலு போனதே பொறவுதான் தெரியும். உங்கம்மா ஜாடியில நான் பால் ஊத்தறதைப் பார்த்தா உனக்கு வலிக்கும்னு, அவரா அனுப்பிட்டாரு."

எனக்கு வலிக்கும் என்றா?

"அதுக்கு அப்பாவுக்கு வேற கடையே கெடைக்கலையாங்க? வாராவாரம் நான் போற கடைக்கா அனுப்பறது!"

"அதைச் சொல்லித்தான் நானும் திட்டினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. அந்தம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அப்புறம்தான், "உள்ள வாங்க" என்றேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்றாம் ஓலை. நான் எங்கும் போகவில்லை.

அக்டோபர் 5, சனி

அன்பழகன் கடைக்குப் போகாமல் சேலத்துக்கு பஸ் ஏறினேன். கல்யாணத்துக்குக் கொடுக்க ஒரு எவர்சில்வர் குடம். புத்தம் புதுசு, யார் கையும் படாதது. அதை எடுக்கும்போது படபடப்பு ஒன்றும் இல்லை. மனசு கனமாகத்தான் இருந்தது.

"பேர் வெட்டித் தரட்டுங்களா?" கடைக்காரர் மெஷினை எடுத்தார்.

"எங்கப்பாவுக்குங்க. ஜேசுதாஸ்னு போடுங்க."

கிர்ரென்று வெட்டி முடித்தவர், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"அம்மா பேருங்க?"

பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"சாந்தாமேரி," என்றேன்.