எங்கள் கொம்யூன்

மார்ச் 10, 2025
உலகப் புரட்சி இயக்கங்கள் பாடத்துக்காக என் மாணவர்கள் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். 1871 மார்ச் 18-இல் பாரிஸ் மக்கள் அரசைத் துரத்திவிட்டுக் கொம்யூன் அமைக்கக் கிளம்பிய கதை. சுவரொட்டிப் பொறுப்பு கீர்த்திகாவுக்கு. நோன்பு அசதியில் படித்துப் பார்க்காமலே சரி என்றுவிட்டேன்.

மார்ச் 13
படித்திருக்க வேண்டும். ‘மார்ச் 18 – கொம்யூன் எழுச்சி நாள். அதிகாரம் மக்களுக்கே. திரண்டு வாரீர்!’ பாரிஸ் என்ற சொல்லே இல்லை. பேருந்து நிறுத்தம்வரை ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் கொம்யூன் என்றால் பஞ்சாயத்து ஆபீஸ். வீட்டு வரி, குடிதண்ணீர், சாக்கடை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெயரால் என் தலை உருளுகிறது.

மார்ச் 14
முதல்வர் தெட்சிணாமூர்த்தி உட்காரக்கூடச் சொல்லவில்லை. போலீஸ் வந்து விசாரித்ததாம். கடிதம் ஒன்றை நீட்டினார். கூட்டம் ரத்து, அந்தக் கொம்யூனுக்கும் இந்தக் கொம்யூனுக்கும் சம்பந்தமில்லை என்று நான் எழுதித் தருவதாக.

“கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க நீட்டிப்பு ஃபைலும் என் மேஜையிலதான் இருக்கு.”

திங்கள்வரை அவகாசம் கேட்டேன். ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். துபாய் வேலை போய் மச்சான் திரும்பி ஐந்து மாதம். என் சம்பளம்தான் வீடு. இதில் யோசிக்க என்ன இருக்கு சுஹைனா?

மார்ச் 16
கீழத்தெரு நீலாயதாட்சி அக்கா சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இருபது நாளாகக் குழாயில் உப்புத்தண்ணீராம். கொம்யூனுக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்றார். இது பாரிஸ் கதை அக்கா என்று விளக்கினேன். பீரங்கிகளை எடுத்துப்போக விடாமல் பெண்கள் மறித்ததையும், சுடச் சொல்லியும் சிப்பாய்கள் சுடாததையும் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பறம் என்னங்க ஆச்சு?”

எழுபத்திரண்டு நாள் தாங்களே ஆண்டார்கள், பிறகு பட்டாளம் வந்து ஆயிரக்கணக்கில் கொன்றது என்றேன்.

“எழுவத்திரெண்டு நாளா!” என்று அதையே சொல்லிக்கொண்டு போனார்.

மார்ச் 17
கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெட்கமாயிருக்கிறது.

மார்ச் 18
கொம்யூன் வாசலில் நாற்பது பெண்கள், காலிக் குடங்களோடு. இன்ஸ்பெக்டர் என் கடிதத்தை உரக்கப் படித்தாராம். நீலாயதாட்சி அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, “அது பாரிஸுங்க. நாங்க எங்க கொம்யூனுக்கு வந்திருக்கோம்” என்றாராம். மாலைக்குள் குழாயில் நல்ல தண்ணீர்.

மார்ச் 20
அந்த அம்மாவுக்குப் பாரிஸ் கதையைச் சொன்னது யார் என்று முதல்வர் கேட்டார். தெரியாது என்றிருக்கலாம். வாய் வரவில்லை.

“நான்தான் சார்.”

ஏப்ரல் 3
நீட்டிப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. மச்சான் தேநீர் போட்டுத் தந்தார். கடைத்தெருவில் நீலாயதாட்சி அக்காவைப் பார்த்தேன். வேலை போனது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

“பதினாறு நாளாச்சுங்க” என்றார்.

எண்ணிக்கொண்டு வருகிறார்.