சேற்றில் போட்ட வட்டங்கள்

கொஸ்தெய்ரா,
பிப்ரவரி 9

அப்படியே பார்த்தாலும் கடலில் வேறு இடமா இல்லை, சொல்லு உஷீயா கண்ணே? ஆண்டவர் இவ்வளவு பெரிய கடலைப் படைத்திருக்க, உன் மீன்வள அலுவலகத்துக்கு லொபெய்ராப் பாறைதானா கிடைத்தது?

கோபமில்லை. அத்தை சும்மா கேட்கிறேன். நீ அனுப்பிய வரைபடத்தை நேற்று மீனவர் சங்கக் கதவில் ஒட்டினார்கள். காப்புப் பகுதி என்று சிவப்பு அடித்திருக்கிறது. அங்கே இனி யாரும் எட்டுக்கால் பேய்க்கணவாய்க்குப் பொறிக்கூடை இறக்கக் கூடாதாம். சிவப்பு முழுக்க அந்தப் பாறைமேல். எங்களுக்கு விட்டிருப்பது வடக்கே இருக்கும் சேறு. இருபத்து மூன்று படகுக்காரர்களும் நின்று பார்த்தோம். பக்கத்து வீட்டு எலாதியோ மட்டும், "பொண்ணு நல்லாத்தான் போட்டிருக்கா" என்றான். சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் பதிலாக எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான்.

போனில் பேசலாம். ஆனால் அவன் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பாறையில் எனக்கு ஒன்றுமில்லை, பார்க்க அழகான பாறை, அவ்வளவுதான். உன் மாமா ரமிரோவுக்குத்தான் நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கார்மேல் மாதா உன்னைக் காக்கட்டும்.
அத்தை டொசிந்தா


சந்தியாகோ,
பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஜனவரியில் கோயில் கூடத்தில் வரைபடத்தை விரித்து, எங்கே பிடிக்கிறீர்களோ அங்கே வட்டம் போடுங்கள் என்று கேட்டேனே. யாருமே பிடிக்காத இடத்தைத்தான் மூடுவோம் என்றும் சொன்னேன். இருபத்து மூன்று வட்டங்களும் சேற்றில் விழுந்தன. பாறைமேல் ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே பெரிய வட்டம் உங்களுடையது. பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி வேறு.

"மீனவர்களைக் கேட்டால் கதைதான் கிடைக்கும்" என்றார் என் மேலதிகாரி. சண்டை போட்டுத்தான் உங்களிடம் வந்தேன். மார்ச் 15 அன்று வரைபடம் கையெழுத்தாகிவிடும். அது தப்பு என்று பிறகு தெரிந்தால், இனி எந்த ஊரிலும் கடலில் இறங்குகிறவர்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி அத்தை. பேய்க்கணவாய் எங்கே பிடிக்கிறீர்கள்?

உங்கள் உஷீயா


கொஸ்தெய்ரா,
பிப்ரவரி 18

கேட்டேவிட்டாயே கண்ணே! பெற்ற தாய்கூட என்னை இதைக் கேட்டதில்லை. இங்கே யாராவது "எங்க பிடிச்சே?" என்றால் எதிர்த்திசையில் கையைக் காட்டுவதுதான் மரியாதை. நீ பேனாவைக் கொடுத்தாய், பக்கத்தில் எலாதியோ நின்றான், கை தானாகச் சேற்றுக்குப் போய்விட்டது. அந்தச் சேற்றில் பழைய செருப்பைத் தவிர எதுவும் அகப்படாது.

பாறையின் தெற்குப் பிளவு. எனக்கும் மாமாவுக்கும் மட்டுமே தெரிந்த இடம். எழுதிவிட்டேன். காகிதத்தை எரித்துவிடு.

உன்னிடம் பொய் சொன்னது நெஞ்சை அறுக்க, பங்குச்சாமி செவெரினோவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, வரைபடத்துல பொய் சொல்லிட்டேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு. "நீயுமாம்மா? இந்த வாரத்துல நீ ஒம்பதாவது ஆளு."

"அய்யோ! மத்த எட்டுப் பேரு யாரு சாமி?"

"டொசிந்தா! உன் பாவத்த மட்டும் சொல்லு!"

அங்கேயே யோசனை வந்தது. மாதாதான் கொடுத்தாள். வெறும் வரைபடம் இருபத்து மூன்று அனுப்பு. ஒவ்வொருவராக அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய், உண்மையான இடத்தில் வட்டம் போட்டு, பெயர் எழுதாமல் உறையை ஒட்டிக் கொடுக்கட்டும். அங்கே முழங்காலில் நின்றுகொண்டு எலாதியோகூடச் சேற்றைக் காட்ட மாட்டான்.

அத்தை


சந்தியாகோ,
பிப்ரவரி 28

அன்புள்ள அத்தைக்கு,

உறைகள் வந்தன. முதலில் உட்காருங்கள். இருபத்து மூன்று வட்டங்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தெற்குப் பிளவு. பதினேழு பேர் ஓரத்தில் 'எனக்கு மட்டுமே தெரிந்த இடம்' என்று எழுதியிருக்கிறார்கள். எலாதியோ மாமா தன் பெயரையும் போட்டு, 'டொசிந்தாவிடம் சொல்லாதே' என்கிறார்.

அத்தை, பேய்க்கணவாய் முட்டையிட்டு அடைகாப்பதும் அங்கேதான். இத்தனை கூடைகள் இறங்கினால் சில வருஷங்களில் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. மேலதிகாரி சிரித்து முடித்துவிட்டு ஒரு வழி சொன்னார்: ஊரே கூடி எல்லை போட்டுக் கொடுத்தால் அப்படியே கையெழுத்திடுவார். அது நடந்தால், மார்ச் 20ஆம் தேதி பக்கத்து ஊர் மல்தேராவிலும் இதேபோல் மக்களைக் கேட்க எனக்கு அனுமதி உண்டு. கூட்டத்தை நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

உங்கள் உஷீயா


கொஸ்தெய்ரா,
மார்ச் 6

முடிந்தது கண்ணே, சர்வேசுரனுக்குத் தோத்திரம்! எழுந்து நின்று, மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, "என் இடம் தெற்குப் பிளவு" என்றேன்.

"அது என் இடம்!" இருபத்திரண்டு பேர் ஒரே குரலில்.

எலாதியோ மேசையைக் குத்தினான். "பதினஞ்சு வருஷமா என் கயிறு அங்க சிக்குது. பாறைன்னு நெனச்சு பாறையத் திட்டிட்டு வரேன். அது உன் கயிறாக்கா?"

"நான் மட்டும் என்னவாம்? உன் கயித்தப் பாசின்னு நெனச்சு அறுத்து விட்டுட்டிருந்தேன்டா!"

"எனக்குப் பதினோரு கூடை போச்சு!"

"எனக்குப் பதினாலு!"

சிரிப்பா சண்டையா என்று புரியாத சத்தம். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத உன் மாமா அப்போது எழுந்தார். "பிளவ மூடிருவோம். மிச்சப் பாறை நமக்குப் போதும்." ஒருவரும் மறுக்கவில்லை. பிளவு எலாதியோவுக்கும் கிடைக்காது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். மற்றவர்களுக்கு யார் ஆறுதலோ, நான் கேட்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது. முப்பது வருஷம், உஷீயா. நீ வந்து பேனாவைக் கொடுத்துக் கேட்டதால்தான் போட்டேன். வேறு யார் வந்திருந்தாலும் சேறுதான்.

இருபத்து மூன்று கையெழுத்தும் இதோடு இருக்கிறது. மேலதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டு. ஈஸ்டருக்கு வந்துவிடு.

உன் அத்தை,
டொசிந்தா

ஐயோ, இப்போதுதான் ஞாபகம் வருகிறது: போன மாதம் சந்தையில் மல்தேரா சங்கத் தலைவி, "எங்க ஊருக்கும் வந்து கேப்பாங்களாமே, நாங்க எங்கக்கா வட்டம் போடறது?" என்று கேட்டபோது, எல்லோரையும் ஊர்ச் சாக்கடை கடலில் கலக்கிற இடத்தில் போடச் சொல்லி அனுப்பியது நான்தான்.