கண் வரையாத பேய்க்கணவாய்

இன்று காலை பள்ளிவாசல்துறைக் கரையில், நீலப் பேசின் ஒன்றுக்குள் பேய்க்கணவாய் உயிரோடு கிடந்தது. எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு அடியோடு ஒட்டி, மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டிருந்தது. விலை கேட்ட உம்மா முன்னே நடந்துவிட்டார். எனக்கு உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் சித்திர டீச்சர் அதைத்தானே வரையச் சொன்னார்? நான் நூலகப் புத்தகத்தைத் திறந்து, "இதுக்கு மூணு இதயமாம்" என்று வாசித்தேன்.

"மூணு கல்பு இருந்தும் எங்கட சட்டியிலதானே வேகுது" என்றாய். பின்வரிசை வரை வகுப்பே சிரித்தது.

ஆனால் உன் தாள் வெறுமையாகவே கிடந்தது. உயிருள்ளவற்றுக்குக் கண்ணும் முகமும் வரையக் கூடாது என்பதில் உன் வாப்பா உறுதியானவர். பத்தாம் வகுப்பில் சித்திரப் பாடம் எடுக்க அவர் விடமாட்டார் என்று பயந்துகொண்டிருந்தாய். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. "சும்மா ரெண்டு புள்ளி வையேன்" என்றேன்.

"வாப்பாக்கு ஒளிச்சுச் செய்ய ஏலாது புள்ள."

பிறகு புத்தகத்தை என்னிடமிருந்து இழுத்து, அது கல்லின் நிறத்துக்கு மாறும் பக்கத்தை வாசித்தாய். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. தாள் நிறையப் பாசி பிடித்த கற்கள்; ஒரு பொந்து; அதன் முன்னே உடைந்த சிப்பிகள்.

"எங்க புள்ள பேய்க்கணவாய்?" என்றார் டீச்சர்.

"ஒளிச்சிட்டுது டீச்சர்."

அன்று பின்னேரம் உன் வீட்டுக்கு நானும் வந்தேன். வாப்பா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். பொந்தின் மேல் விரலை வைத்தார்.

"வாசல்ல சிப்பி குவிஞ்சு கிடக்கு. உள்ளுக்கு ஆள் இருக்கு."

"நீங்கதானே வாப்பா சொல்லித் தந்தீங்க, திண்டிட்டு வெளிய போடுமெண்டு."

"கண்ணு?"

"வரையல்ல."

மிச்சத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப சித்திரத்தை எடு" என்றார். நீ என் கையை நோக நோகப் பிடித்தாய்.

டிசம்பர் விடுமுறையில் உனக்குக் காய்ச்சல் வந்தது; அதிலிருந்து நீ எழும்பவேயில்லை. பாடசாலை திறந்தபோது நீ இல்லை.

நான் சித்திரம் படிக்கிறேன். பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புதுப் பிள்ளையொருத்தி இருக்கிறாள், நல்லவள். உன்னைப்போல எனக்குக் கை ஓடாது. கல்லொன்றை வரையச் சொன்னாலும் உடனே பென்சிலை எடுக்க முடிவதில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.