மருந்து அறை வாசலில் நின்ற மைனிக்கு

என் உயிர் மைனிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் செல்லையா அண்ணாச்சி மேல், மீதி உங்கள் மேல். இறந்துபோனவர்களிடம் கோபப்படக் கூடாது என்று அண்ணன் சொல்கிறார். அவர் கிடக்கிறார். உங்களிடம் சண்டை போடாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சண்டை போட?

போன திங்கட்கிழமை காலையில் செல்லையா அண்ணாச்சி நம் வீடு தேடி வந்தார். நம் தீப்பெட்டி ஆபீசில் குச்சித் தலைக்கு மருந்து கலக்குகிற மேஸ்திரி, நம் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர், வந்து நிற்கிறார்! செருப்பில் அப்பியிருந்த கரிசல் சகதியைப் படிக்கல்லில் வழித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "ஏட்டி புஷ்பம், மழக்கால மருந்தப் பத்தி ஒன் மைனி வேற என்னமும் சொல்லிருக்காளா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நீங்கள் போய் ஏழு மாசம் ஆகிறது. அடக்கத்தன்று முதலாளி வந்து மாலை போட்டுவிட்டு, "கட்டை அடுக்குறதுல இவள அடிச்சிக்க ஆளு கெடையாது" என்றார். பக்கத்தில் இதே அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, "ஆமா மொதலாளி, ஆமா" என்று தலையாட்டினார். குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகுகிற வேலைக்குத்தான் கட்டை அடுக்குவது என்று பேர். அதை நானும் செய்கிறேன். ஆபீசில் இருக்கிற அத்தனை பொம்பளைகளும் செய்கிறோம். நீங்கள் செய்தது அவ்வளவுதானா மைனி?

அன்றைக்கே கத்தியிருப்பேன். உங்கள் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன, அண்ணன் சுவரோரம் மடங்கிக் கிடந்தார். வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

ஐப்பசி பிறந்தால் நம் ஆபீசில் குச்சித் தலை நிற்காது என்பது ஊருக்கே தெரியும். மருந்தில் சேர்க்கிற வஜ்ரப் பசை குளிருக்கு இறுகும். உடனே அண்ணாச்சி ஒரு செம்பு வெந்நீரை ஊற்றி இளக்குவார். தண்ணீர் கூடிப்போன மருந்தில் முக்கிய தலை ஈரக்காற்றில் காயாது. பெட்டியில் அடைக்கும்போது பொதபொதவென்று உதிரும். வருஷா வருஷம் இதே கதை. திட்டு மட்டும் நமக்கு. "கோணல்மாணலா அடுக்குதீங்க, பொறவு எப்படிட்டி மருந்து பிடிக்கும்?" என்று அவர் கத்த, நாமும் குனிந்த தலை நிமிராமல் பிரித்துப் பிரித்து அடுக்குவோம். நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்கள் ஒருத்தர்தான் அந்தச் செம்பைப் பார்த்தீர்கள்.

"கருப்பட்டிப் பாகு இறுகிட்டுன்னா சட்டியோட வெந்நிக்குள்ள எறக்கி வைப்போம். தண்ணிய ஊத்துனா பதம் போயிரும்லா? இதுவும் அப்படித்தாம்ட்டி" என்று வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? ஆசாரி வீட்டில் கெஞ்சி வஜ்ரம் வாங்கி வந்தீர்கள். மருந்துப்பொடியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஆபத்து. அதற்குப் பதிலாகச் செங்கல்லை இடித்துச் சலித்துப் பசையில் குழைத்தீர்கள். கழிவுக் குச்சிகளை அதில் முக்கி, மழைச் சாரல் படுகிற ஜன்னலில் வரிசையாகக் குத்தி வைத்தீர்கள். மூன்று மழைக்காலம் மைனி! ஒரு குச்சிகூடப் பற்றாது. தலை நிற்கிறதா, உதிர்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு மூன்று மழைக்காலம்.

"ஏட்டி, சோறு பொங்குதியா குச்சி பொங்குதியா?" என்று அண்ணன் எரிந்து விழுவார். பக்கத்து வீட்டுக்காரி உங்களுக்குச் செங்கல் மைனி என்றே பேர் வைத்தாள். முதல் வருஷம் வஜ்ரத்தைக் கொதிக்கவிட்டுப் பாழாக்கினீர்கள். கொதித்தால் பசையின் பிடிப்பே செத்துப்போகிறது என்று கண்டுபிடித்தது அப்படித்தான். விரலை விட்டால் பொறுக்கிற சூடு, அதற்கு மேல் போகக் கூடாது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நீங்கள் குதித்த குதியில் பானையே உடைந்தது.

நாலாம் வருஷம், நாள் கணக்கில் கட்டைகள் வீணாகி நம்மை எல்லாம் மறுபடி அடுக்கச் சொன்னபோது, நீங்கள் எழுந்துபோய் மருந்து அறை வாசலில் நின்றீர்கள். "அண்ணாச்சி, தண்ணி ஊத்தாதீங்க. நான் சொல்லுதேன், கேளுங்க."

அவர் என்ன சொன்னார்? "ஒழுங்கா அங்கனயே நில்லு. பொம்பள கால் பட்டா மருந்து நீத்துப் போயிரும்."

நீத்துப் போயிருமாம்! வெந்நீரை ஊற்றி நீர்க்க வைத்ததே இவர்தான். ஆனாலும் நீங்கள் நின்றீர்கள். கூரை இல்லாத வாசலில், முக்காட்டில் மழை சொட்டச் சொட்ட, இப்போது இறக்குங்க, இப்போது முக்குங்க என்று சொல்லிச் சொல்லி, அவர் கையை வைத்து உங்கள் மருந்தைக் கலக்கினீர்கள். தலை கல்லு மாதிரி நின்றது. முதலாளி அதற்குச் செல்லையா மருந்து என்று பேர் வைத்து, அவருக்குச் சரிகை வேட்டி எடுத்துக் கொடுத்தார். மறு வருஷமும் நீங்கள் அதே வாசலில் நின்றீர்கள்.

அவருக்கு வேட்டி கொடுத்த அன்று ராத்திரி நான் சாப்பாடே வேண்டாம் என்று குதித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "குச்சி பத்துதுல்லா, அது போதும்ட்டி" என்றீர்கள். இந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குத் தீராத கோபம். போதும் என்று நிஜமாகவே நினைத்தீர்களா? அப்படியானால் அதற்கடுத்த மாசம் ஏன் அவரிடம் போய்க் கேட்டீர்கள்? "ஒரே ஒரு தடவ உள்ள விடுங்க அண்ணாச்சி, என் கையால கலக்கிப் பாக்கணும்" என்று நீங்கள் கேட்டதும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "எட்ட நின்னு பாத்தா பதம் கண்ணுக்குத்தான் தெரியுது புஷ்பம். கைக்குத் தெரியாண்டாமா? கைக்குத் தெரியாம எப்படி நான் இந்த வேலையத் தெரிஞ்சவன்னு சொல்லிக்கிடுவேன்?" அன்று நீங்கள் சிரிக்கவில்லை. பங்குனியில் காய்ச்சல் வந்து படுக்கிற வரைக்கும் உங்களுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம். சட்டியை வெந்நீரில் இறக்குவது அண்ணாச்சிக்கு மறக்கவில்லை. சீக்கிரம் கரையட்டும் என்று வஜ்ரத்தைக் கொதிக்கவிட்டிருக்கிறார். ஒரு வாரமாகத் தலை உதிர்கிறது, ஒரு வாரமாக நமக்குத் திட்டு. கடைசியில் நம் வாசலுக்கு வந்துவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. ஆனா உள்ள வந்து, என் கையால கலக்கித்தான் சொல்லுவேன்" என்றேன்.

"அதெல்லாம் வழக்கமில்ல. வாசல்ல நின்னு சொல்லு."

"வாசல்ல நின்னவ செத்துப் போயிட்டா. போய் அவகிட்ட கேளுங்க."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆபீசுக்குப் போனால் முதலாளி, உதிர்ந்த குச்சிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவள உள்ள விடும்வே, எனக்குக் குச்சி நிக்கணும்" என்றார்.

அவ்வளவுதான் மைனி. ஒரு வார்த்தை. உங்களுக்காக அந்த ஒரு வார்த்தையை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

உள்ளே போய் என் கையால் கலக்கினேன், மருந்து நீர்த்துப் போகவில்லை. அன்று மருந்தில் முக்கியெடுத்த தலைகள் மறுநாள் கல்லு மாதிரி நின்றன. முதலாளி ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டு, "செல்லையா மருந்துன்னா செல்லையா மருந்துதான்" என்றார். அத்தனை பேரும் கேட்கத்தான் சொன்னேன்: "மொதலாளி, அது எங்க மைனி மருந்து. ஜெபமணி மருந்து. அண்ணாச்சிகிட்டயே கேளுங்க." கட்டை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பிறகு, "ஆமா, அவதான் சொன்னா" என்றார். முதலாளி, "சரி சரி, வேலையப் பாருங்க" என்று போய்விட்டார். உங்களுக்குக் கிடைத்தது இதுதான். எனக்குப் போதவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று நாம் எத்தனை நாள் பேசியிருப்போம்? ஒன்றுமே இல்லை மைனி. இரண்டு சட்டி, ஒரு சல்லடை, ஒரு முக்காலி. நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கிறது. நம் அடுப்படி அதைவிடப் பெரிசு. உள்ளே போய் நின்றதும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. நான் பயந்து அழுகிறேன் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். இன்னொரு ஆள் நிற்க அங்கே நன்றாக இடமிருந்தது.

வருகிற சித்திரை வெயிலுக்குக் குச்சித் தலை காய்ந்து விரிசல் விடும். அதற்கு நீங்கள் தேடிக்கொண்டிருந்த வழி பாதியில் நிற்கிறது. அதை நான் முடிப்பேன், எத்தனை கோடை ஆனாலும் சரி. செங்கல்பொடியில் இல்லை, மருந்தில், என் கையால். எவர் வந்து கேட்டாலும் இனி நான் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உங்கள் மேல் கோபம் ஆறாத நாத்தனார்,
தங்கபுஷ்பம்