முதல் பக்கெட் தண்ணீர்

அம்மா,

குளியலறைச் சுவரில் அண்ணன் புதிதாகப் போட்ட குழாய் இன்று சாயங்காலம் என் முழங்கையில் பட்டது. சூடாக இருந்தது. அதே குழாயைச் சற்று முன்புதான் விரல்களால் தொட்டிருந்தேன். அப்போது ஒன்றுமே தெரியவில்லை.

உனக்கும் இப்படித்தான் இருந்தது. காசிமேட்டுக் கொட்டகையில் நாளெல்லாம் ஐஸில் கிடக்கும் இறாலை உரித்துவிட்டு வருவாய். விரல்கள் வெளுத்து மரத்திருக்கும். மொட்டைமாடி சோலாரிலிருந்து வெந்நீர் கீழே வருவதற்குள் ஒரு பக்கெட் பச்சைத்தண்ணீர் போய்விடும். அதை வீணாக்காமல் பிடித்து, உன் கவிச்சிப் புடவையை ஊறப்போடுவோம். ஒருமுறை சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து, குழாயடியில் என் கையைத்தான் முதலில் நீட்டச் சொல்வாய்.

"சூடா கீதாடி?"

"இன்னும் இல்லம்மா."

"நம்ம வூட்டு வெந்நி எண்ணூர் போயி ஷேர் ஆட்டோ புட்சிகினு வருது போல."

பத்தாவதோடு நின்றுவிட்டு வீட்டிலேயே கிடந்த நான் யாரிடமும் பேசாதவள். அந்த ஒரு பக்கெட் நிறையும் நேரத்தில் மட்டும் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்வேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்பாய். அதனால்தான் சொல்ல முடிந்தது.

நீ கண்ணை மூடியபின் கொட்டகையில் உன் இடத்தில் நான் உட்காருகிறேன். வீடு திரும்பினால் சோறு பிசையக்கூட விரல் மடங்குவதில்லை. அசதியில் அதைப்பற்றி நினைக்கவும் தோன்றுவதில்லை. அண்ணன்தான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சுவரைத் துளைக்க ஆரம்பித்தான். குழாயில் நின்று ஆறிப்போகும் தண்ணீர் திரும்ப மாடிக்கே போய்ச் சூடாகி வர இன்னொரு லைன் இழுத்து, சின்ன மோட்டார் ஒன்றையும் வைத்தான். கம்பெனியில் பைப் ஃபிட்டராக இருப்பவனுக்கு அது பெரிய வேலையில்லை.

"இனிமே தொறந்தா வெந்நிதான். நிக்கவே வேணாம்" என்றான்.

"வேணாம்ணா" என்றேன். அங்கே நிற்பதுதான் எனக்கு வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

"அம்மா கைய பாத்தேல்ல? உன்னுதும் அப்டி ஆவணுமா?"

குனிந்து சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான்.

இன்று நான் கொட்டகையிலிருந்து வந்ததும் மோட்டாரைப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து மாடியிலிருந்து குரல் கொடுத்தான்.

"இன்னாடி, சூடா கீதா?"

நீயே கேட்டதுபோல் இருந்தது. வழக்கம்போல் பக்கெட்டை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். விரலை நம்பாமல் முழங்கையை நீட்டினேன். பச்சைத்தண்ணீரே வரவில்லை. முதலில் வந்ததே தாங்கக்கூடிய சூட்டில் வந்தது.

"வாயத் தொறந்து சொல்லேன், ஊமக்கோட்டான்!"

"கீதுண்ணா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பிறகு, பச்சைத்தண்ணீர் பிடிக்கத் தேவையில்லாத பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வெந்நீரில் நீட்டினேன்.