பயந்தாங்கொள்ளி என்று இனி யாரும் கூப்பிடக் கூடாது

அன்பு மகன் நுஃமானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் இங்கு மூன்று பேரும் சுகம், அங்கு உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமலிருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். வாப்பாவின் முழங்கால் வலிக்கு உச்சிப்புளி டாக்டரின் மாத்திரை கேட்கிறது. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான், லீவு முடிந்து அங்கே திரும்பும் தவ்ஃபீக்கிடம் உனக்குச் செய்த தொதல் இனிப்போடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் 'நான்' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம். நோட்டைப் புரட்டினால், 'நான் ஒரு பயந்தாங்கொள்ளி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்' என்று இரண்டே வரி. ஒன்றரை வயதில் முகத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைக் கண்ணாடியில் பார்த்துத் தன் கன்னத்திலிருந்தே எடுத்துத் தின்றவள் அவள். மூன்று வயதில், "நானே போட்டுக்கிருவேன், நீ போ" என்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவள். ஆறு வயதில் அலையைப் பார்த்து ஒரே ஒரு தடவை அழுதாள், நீ அந்தப் பட்டப்பெயரை வைத்தாய், நாங்களும் சிரித்தோம். பிறகு சைக்கிள் வேண்டாம், மேடை வேண்டாம் என்று ஒதுங்கினாள், பார்த்தாயா என்று அதற்கும் சிரித்தோம். நாம் சொன்னபடியே வளர்ந்துவிட்டாள்.

உன்னை மட்டும் குறை சொல்லமாட்டேன். வாப்பா தன் உம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தார். மாமியின் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று, பெற்ற பிள்ளையைப் பதினாறு வருடமாக "ஏ புள்ள" என்றே கூப்பிட்டேன். வீட்டில் அவளுக்கென்று ஒரு பெயர் புழங்காததால்தான் நீ வைத்தது ஒட்டிக்கொண்டது. தப்பு என்னுடையது, நானே திருத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். ஆசையா, பயமா என்று கேட்டேன். "ரெண்டுந்தான் உம்மா" என்றாள். ரெண்டும் இருந்தால் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், வாப்பா முனகினார், நான் விடவில்லை. நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்து, கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளை, மாமி என்னை மன்னிக்கட்டும், "நூர் நிஷா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வந்திருப்பது யார் என்று அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள் மகனே.

வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது அவள் பெயரைச் சொல்லிக் கேள். பழையது வாயில் வந்தால் போனை வைத்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

நூர் நிஷாவுக்கும் உனக்கும் உம்மா,
காலிதா